சரளைக்கல் தட்டும் வல்லூறும்

வல்லூறு கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலுள்ள மண்ணைக் காலால் பறித்து, நெஞ்சால் அழுத்தி ஒரு பள்ளம் செய்யும். முட்டைக்கு அதுவே தொட்டில்.

1936-இல் கனடாவின் மான்ட்ரீல் நகரில் ஒரு பொரி வல்லூறுப் பெடை, சன் லைஃப் மாளிகையைப் பாறையாகவே கருதிக் குடியேறியது. உயரம் இருந்தது; இரைக்குப் புறாக்கள் இருந்தன. விளிம்போ வெறுங்கல்! முதல் சில ஆண்டுகள் முட்டைகள் வீணாயின. சமதளத்தில் உருள்வது குழியில் உறுதிச் சமநிலை பெறும் என்று வகுப்பில் படிக்கிறோமே, அதுதான் இங்கும் தேவைப்பட்டது. பறவை ஆர்வலர் ஹார்ப்பர் ஹாலின் முயற்சியால் 1940-இல் சரளைக்கல் தட்டு வைக்கப்பட்டது. குஞ்சுகள் பொரிந்தன. 1952-க்குள் இருபதுக்கும் மேற்பட்டவை வளர்ந்தன. ஆண்டுதோறும் கண்டவற்றை ஹால் 1955-இல் நூலாக்கினார்.

ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப்பின் வயல்களில் தெளித்த டி.டி.டி., இரைப் பறவைகள் வழியே வல்லூறுகளின் உடலில் சேர்ந்து வந்தது. முட்டை ஓட்டில் சுண்ணாம்பு குறைந்தது. அடைகாக்கும் தாயின் எடையே அதை நொறுக்கியது. பிரிட்டனின் டெரக் ராட்கிளிஃப், சேகரித்து வைத்திருந்த பழைய முட்டைகளோடு புதியவற்றை ஒப்பிட்டு 1967-இல் இதை நிறுவினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1964-இல் கிழக்கு அமெரிக்காவில் 133 பழைய வாழிடங்களைப் பார்த்தவர்கள், ஒரு குஞ்சைக்கூடக் காணவில்லை.

1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் வல்லூறுகளைக் கூண்டில் வளர்த்து வெளியே விட்டார். அவற்றுள் ஸ்கார்லெட் என்ற பெடை பால்டிமோர் நகரின் உயர்ந்த மாளிகையொன்றைத் தேர்ந்தெடுத்தது. அங்கும் ஒரு சரளைக்கல் தட்டு வைத்தார்கள். 1984-இல் அது தன் சொந்தக் குஞ்சுகளை வளர்த்தது.