உப்பு நீர் பகுதியில் டிராக்டர் முன்சக்கர பேரிங், ஆயில் சீல் மாற்றும் முறை

அனுமந்தை, மரக்காணம் பகுதியில் உங்கள் டிராக்டருக்கு முன்சக்கர பேரிங் அடிக்கடி போகிறது என்றால், பேரிங்கைக் குறை சொல்வதற்கு முன் ஆயில் சீலைப் பாருங்கள். இங்கே பேரிங் ஓடித் தேய்வதைவிட, சீல் வழியாக உவர்நீர் புகுந்து துருப்பிடித்துக் கெடுவதுதான் அதிகம்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பளப் பாத்தியில் உப்பு படியும் சமயத்தில் அது 250 கிராமைத் தாண்டிவிடும். இந்த நீர் காய்ந்தாலும் விடாது. ஒட்டியிருக்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், வண்டி கொட்டகையில் நின்றாலும் துரு ஏறும்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை. சாலையில் ஓடி வந்த டிராக்டரின் ஹப் சூடாக இருக்கும். அப்படியே தண்ணீர் நிற்கும் வயலில் இறக்கினால், ஹப்புக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, வெளியிலுள்ள நீரை சீல் வழியாக உள்ளே இழுக்கும். வரப்போரம் நிறுத்தி, ஹப் ஆறிய பிறகு இறக்குங்கள். ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

சோதிப்பதற்கு, பின்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு முன் ஆக்சிலைத் தூக்குங்கள். முன் ஆக்சில் நடுப்பின்னில் ஊசலாடக்கூடியது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் வேலை செய்யும் பக்கத்திலேயே உறுதியான முட்டுக் கொடுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஹப் மட்டும் ஆடினால் பேரிங். ஹப்போடு சேர்ந்து ஸ்டப் ஆக்சிலும் ஆடினால் கிங்பின் புஷ் தேய்ந்திருக்கிறது. பேரிங் மாற்றிப் பயனில்லை. கையால் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, கிரீஸ் மோர்போல வெளுத்திருந்தாலோ கழற்றியே ஆகவேண்டும்.

சக்கரத்தைக் கழற்றியபின் ஹப் மூடி, ஸ்பிளிட் பின், காசில் நட், வாஷர், வெளி பேரிங் என்ற வரிசையில் எடுத்து, ஹப்பை இழுங்கள். சீலை நெம்பும் முன் அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள் பேரிங்கும் வெளி பேரிங்கும் வெவ்வேறு அளவு. கடைக்குப் பழையதையே எடுத்துச் சென்று எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பேரிங் புதிது, ஹப்பிலுள்ள கப் பழையது என்று வைக்கக் கூடாது. இரண்டும் ஜோடியாகத்தான் மாற வேண்டும்.

ஸ்டப் ஆக்சிலில் சீலின் வாய் உரசும் இடத்தை மண்ணெண்ணெயால் துடைத்து, நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் எந்தப் புது சீலும் அங்கே நிற்காது. லேசான துருவை நைஸ் எமரி தாளால் தேய்த்து எடுக்கலாம். பள்ளம் என்றால் பட்டறையில் காட்டுங்கள். பல பட்டறைகளில் இந்த இடத்தைப் பார்க்காமலே மாட்டிவிடுகிறார்கள். ஒரே பருவத்தில் இரண்டாம் முறை கழற்ற வேண்டிவருவது இதனால்தான்.

புதுக் கப்பை மென்மையான பித்தளைப் பஞ்சு வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி உட்கார வையுங்கள். பேரிங்கை உள்ளங்கையிலுள்ள கிரீஸில் அழுத்தி, உருளைகளுக்கிடையே மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்றுங்கள். சீலின் வாயிலும் கிரீஸ் தடவ வேண்டும். உலர்ந்த சீல் முதல் நாளே கருகும். தண்ணீரைத் தாங்கும் லித்தியம் கிரீஸ் போதும். சோடியம் கிரீஸ் நீரில் கரைந்துவிடும், இங்கே ஆகாது. பழைய கிரீஸை முழுதும் கழுவி எடுங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சுற்றக் கனமானதும் ஸ்பிளிட் பின் துளை கிடைக்கும்வரை சற்றுத் தளர்த்துங்கள். வண்டிப் புத்தகத்தில் அளவு இருந்தால் அதன்படியே செய்யுங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்றவும் வேண்டும், ஆடவும் கூடாது. ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. ஒரு நாள் ஓட்டியபின் மீண்டும் ஆட்டம் பாருங்கள்.

சேற்றுழவு நாட்களில் கிரீஸை மறுநாள் காலையில் அல்ல, அன்று மாலை வயலைவிட்டு ஏறியதுமே அடியுங்கள். ராத்திரி முழுக்க உவர்நீர் உள்ளே இருக்கவிட்டால் பேரிங்கில் புள்ளி விழுந்துவிடும். வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆனால் வாட்டர் சர்வீஸ் குழாயை நேராக சீல்மீது பீய்ச்ச வேண்டாம். நான்கு சக்கர இயக்க டிராக்டரில் முன் ஹப் எண்ணெயில் ஓடும், அது பட்டறை வேலை.

டிரெய்லர் ஹப்பைத்தான் யாரும் திறந்து பார்ப்பதில்லை. உப்பு மூட்டையோ சவுக்கு லோடோ ஏற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது பேரிங் சிக்கி உடைந்தால், சக்கரம் கழன்று எதிரே வருபவர்மீது போய் விழும். லோடோடு சில கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி, எல்லா ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், அங்கிருந்து லோடோடு நகர்த்தாதீர்கள்.