நாம்பன் கன்றும் கணக்குப் புத்தகமும்

ஐக்கிய அமெரிக்காவின் கிராமப்புறங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் மாவட்டச் சந்தைகளில், ஆயிரம் இறாத்தலுக்கும் அதிக நிறையுடைய, கழுவிச் சீவி மினுக்கப்பட்ட நாம்பன் மாட்டைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்று கயிற்றில் பிடித்து நடத்திச் செல்வதைக் காணலாம். நடுவர் முதுகையும் தொடையையும் தடவிப் பார்ப்பார். பின்னர் ஏலம். மாடு கொல்களத்துக்குச் செல்லும். பணம் பிள்ளையைச் சேரும். மாடு என்றால் பாலும் உழவும் எருவும் என்றே அறிந்து வளர்ந்த எம்மவர் பலருக்கு இது விளங்கிக்கொள்ளக் கடினமான கல்வி. ஆயினும் இது எவ்வாறு கல்வியாயிற்று என்ற வரலாறு அறியத்தக்கது.

தொடக்கத்தில் குறிவைக்கப்பட்டவர்கள் பிள்ளைகள் மட்டுமல்லர், அவர்களுடைய தந்தையரும்தான். விவசாயக் கல்லூரிகள் புதிய விதைகளையும் முறைகளையும் கண்டறிந்திருந்தன. விவசாயிகளோ கல்லூரியிலிருந்து வந்தவரின் பேச்சை நம்பவில்லை. (விவசாயத் திணைக்களத்தின் அறிவுறுத்தல்களைப் பத்திரிகையில் பிரசுரித்து வந்த எனக்கு இந்த நிலைமை அந்நியமானதன்று.) ஆனால் தன் வயலின் அருகிலேயே மகன் ஒரு துண்டு நிலத்தில் செய்து காட்டினால் தந்தை எவ்வாறு மறுப்பார்?

1902 ஜனவரியில் ஒகையோ மாநிலத்தின் கிளார்க் மாவட்டத்தில், பாடசாலை அத்தியட்சகரான ஏ. பி. கிரகம் சிறுவர் சிறுமியரை நீதிமன்றக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் கூட்டி ஒரு கழகத்தை ஆரம்பித்தார். சோளமும் காய்கறியும் பயிரிடுவதும் மண்ணின் தன்மையைப் பரிசோதிப்பதும் அவர்களுடைய வேலைகள். 1907இல் மிசிசிப்பியின் ஹோம்ஸ் மாவட்டத்தில் டபிள்யு. எச். சிமித் சிறுவர்களுக்கான சோளக் கழகத்தை அமைத்தார். 1910இல் தென் கரோலினாச் சிறுவன் ஒருவன் ஒரே ஏக்கரில் 228 புசல் சோளம் விளைவித்தான். அக்காலத்தில் தேசிய சராசரி 30 புசலைக்கூட எட்டவில்லை. அதன் பின்னர் தந்தையர் வாய் திறக்கவில்லை.

சோளத்தைத் தொடர்ந்து பன்றியும் கன்றும் வந்தன. 1914இன் சிமித்-லீவர் சட்டம் கல்லூரிகளின் விரிவாக்கச் சேவைக்குக் கூட்டரசின் பணத்தை வழங்கியது. கழகங்கள் அச்சேவையின் கீழ் வளர்ந்து 'போர்-எச்' என்ற பெயரைப் பெற்றன. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தே அந்த எச். 1918இல் மினசோட்டாவின் தென் சென்ற் போல் நகரில் இளையோருக்கான கால்நடைக் காட்சி தொடங்கிற்று.

இங்கு கற்பிக்கப்பட்ட பாடம் சந்தையை நேரடியாகத் தொட்டது. முன்னர் இறைச்சி மாடுகள் மூன்று நான்கு வயது வரை புல்வெளியில் விடப்பட்டன. நலமடித்த கன்றுக்குச் சோளமும் புண்ணாக்கும் உலர்புல்லும் அளந்து கொடுத்தால் ஒன்றரை வயதுக்குள்ளேயே விற்றுவிடலாம் என்பதைப் பிள்ளைகள் நிரூபித்தனர். உள்ளூர் வங்கிகள் கன்று வாங்கக் கடன் கொடுத்தன. பன்னிரண்டு வயதில் கடன் பத்திரத்தில் கையொப்பம்! அன்றாடத் தீனியின் நிறை, விலை, மாட்டின் எடை யாவும் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். நான் பெரிதும் மதிப்பது மதிப்பீட்டுப் போட்டியை. நான்கு மாடுகளைப் பார்த்துத் தரவரிசைப்படுத்தி, ஏன் அவ்வாறு வரிசைப்படுத்தினேன் என்பதை மாணவன் வாயால் விளக்க வேண்டும். பத்திரிகை ஆசிரியர்கள் சிலருக்கும் இப்பயிற்சி நன்மை தந்திருக்கும்.

1928இல் கன்சாஸ் நகரில், கால்நடைக் காட்சிக்காக வந்த விவசாய மாணவரைக் கொண்டு எதிர்கால விவசாயிகள் அமைப்பு உருவானது. பெண் பிள்ளைகளுக்கு அதன் கதவு 1969 வரை தேசிய மட்டத்தில் மூடியிருந்தது. கறுப்பின மாணவர்களுக்காக 1935இல் ரஸ்கிஜீயில் தனி அமைப்பு அமைக்கப்பட்டது. 1965இல் இரண்டும் இணைந்தபோது நிலைத்தது வெள்ளையரின் அமைப்பினது பெயரும் சின்னமும் நீலச் சட்டையுமே. இணைப்பு என்ற சொல்லை நாம் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும்.

பரிசுத் தொகை பெருகியபோது மோசடியும் வந்தது. 1994இல் ஒகையோ மாநிலச் சந்தையில் பரிசு பெற்ற விலங்குகள் சிலவற்றின் உடலில் முறைகேடு செய்யப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. கழகம் பிறந்த அதே மாநிலம்.

அதைவிட என்னைச் சிந்திக்க வைப்பது, நான்கு எச்-களில் இரண்டாவதான இதயம். ஓராண்டு கையால் தீனி கொடுத்த உயிரை விற்பது பிள்ளைக்கு உறுதியைக் கற்பிக்கிறது என்பர் ஆதரவாளர். அதில் உண்மை இல்லாமலில்லை. இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதை அறியாமல் உண்பவரைவிட அப்பிள்ளை நேர்மையானது. ஆனால் பிள்ளை மறுத்தால்?

2022இல் கலிபோர்னியாவின் சாஸ்ரா மாவட்டச் சந்தையில் அது நடந்தது. விலங்கு மாடு அன்று, ஓர் ஆடு, விதி ஒன்றே. ஒன்பது வயதுச் சிறுமி தன் ஆட்டைக் கொல்லக் கொடுக்க மறுத்தாள். தாய் அதைத் தொலைதூரப் பண்ணையொன்றுக்கு அனுப்பிவிட்டு, நட்டத்தை ஈடுசெய்வதாக எழுதினார். மாவட்டக் காவலர் நூற்றுக்கணக்கான மைல்கள் சென்று ஆட்டைப் பிடித்து வந்தனர், அது கொல்லப்பட்டது. குடும்பம் தொடுத்த வழக்கில் 2024இல் 300,000 டொலர் இழப்பீட்டுக்கு இணக்கம் காணப்பட்டது. ஆடு ஏலம் போன விலை 902 டொலர். அதில் சந்தை நிர்வாகத்துக்குச் சேரவேண்டியிருந்த பங்கு 63 டொலர் 14 சதம்.