எடை குறைப்பு 'பேண்ட்' ஆபரேஷனுக்குப் பிறகு மீண்டும் பசிக்கிறதா? எது இயல்பு... எது ஆபத்து?

உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் 'பேண்ட்' பொருத்திக்கொண்டவர்களில் பலருக்கும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒரு பயம் வரும். 'ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் ஆகப்போகுது. பழையபடி பசிக்குதே... செலவு பண்ணதெல்லாம் வீணா?' என்பதுதான் அது. பெரும்பாலும் இது தோல்வியின் அறிகுறி அல்ல. ஆனால், அந்தப் பசியில் செய்யும் தவறு சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

பேண்ட் எப்படி வேலை செய்கிறது?

லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றில் சிறு துளைகள் போட்டு, இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி சிலிகோன் வளையம் பொருத்தப்படும். வளையத்துக்கு மேலே சின்ன பை போன்ற இடம் உருவாகும். அது நிரம்பினாலே வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடும். இரைப்பையை வெட்டி எடுப்பதில்லை.

வளையத்திலிருந்து வரும் மெல்லிய குழாய், தோலுக்கு அடியில் உள்ள 'போர்ட்' எனும் சிறு கருவியில் முடியும். அதில் ஊசி மூலம் சலைன் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2001-ல் இந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தது. இப்போது ஸ்லீவ், பைபாஸ் ஆபரேஷன்களே அதிகம் நடக்கின்றன. ஆனாலும், ஏற்கெனவே பேண்ட் பொருத்திக்கொண்டவர்களுக்குத் தொடர் கண்காணிப்பு அவசியம்.

பசி ஏன் திரும்புகிறது?

ஆபரேஷன் நாளில் வளையத்தை இறுக்கமாக வைக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் வீக்கத்தால் முதல் சில நாட்கள் பசி தெரியாது. வீக்கம் வடிந்ததும் பசி எட்டிப் பார்க்கும். முதல் முறையாக சலைன் ஏற்றுவது வழக்கமாக 4 முதல் 6 வாரங்களுக்குப் பிறகுதான். ஆக, இடைப்பட்ட இந்த நாட்கள் எடை குறைவதற்கானவை அல்ல, உள்ளே புண் ஆறுவதற்கானவை.

பசி தாங்காமல் இப்போதே சோறு, சப்பாத்தி, இறைச்சி என்று இறங்கினால் உணவு அடைத்து வாந்தி வரலாம். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் வளையம் இடம் நகரும் வாய்ப்பு அதிகம்.

பொதுவாக முதல் 2 வாரம் திரவ உணவு, அடுத்து மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு என்று படிப்படியாகப் போக வேண்டும். திட உணவு சுமார் 6 வாரத்துக்குப் பிறகே. மருத்துவமனைக்கு மருத்துவமனை இதில் சிறு மாற்றம் இருக்கும். டாக்டர் கொடுத்த அட்டவணையே இறுதி.

பயப்பட வேண்டாத மாற்றங்கள்

* தோள்பட்டை வலி: ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வருவது. மெதுவாக நடந்தால் சில நாட்களில் சரியாகும்.

* போர்ட் இருக்கும் இடத்தில் லேசான வலி: குனியும்போது, திரும்பும்போது இழுப்பது போல இருக்கும்.

* மலச்சிக்கல்: உணவும் தண்ணீரும் குறைவதால் வரும். தண்ணீரை மடக்கு மடக்காக, நாள் முழுக்கக் குடிக்கலாம். சாப்பிடும்போது குடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

* முடி கொட்டுதல்: சுமார் 3 மாதத்துக்குப் பிறகு தொடங்கலாம். பெரும்பாலும் தானாக நின்று மீண்டும் வளரும். ஆனால் புரதம், இரும்புச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

* தோல் தொங்குதல்: எடை குறையும்போது வயிறு, கைகளில் தோல் தளரும்.

எடையும் மளமளவென்று குறையாது. வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைந்தாலே நல்ல முன்னேற்றம்தான்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

* தண்ணீர், எச்சில்கூட விழுங்க முடியாவிட்டால்
* வாந்தி நிற்காமல் தொடர்ந்தால்
* காய்ச்சல், கடுமையான வயிற்று வலி இருந்தால்
* போர்ட் பகுதி சிவந்து, வீங்கி, சீழ் வைத்தால்
* ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி இருந்தால்
* மூச்சுத்திணறல், நெஞ்சு வலி வந்தால்

கடைசி இரண்டும் ரத்தம் உறைவதன் அறிகுறியாக இருக்கலாம். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்புகள் பாதிக்கப்படும் ஆபத்தும் உண்டு. வளையம் அதிகமாக இறுகியிருந்தால் சலைனை எடுத்து உடனே தளர்த்த முடியும் என்பதால், 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்று காத்திருக்க வேண்டாம்.

மாத்திரைகளில் கவனம்

சாப்பாடு குறைவதால், சர்க்கரை மற்றும் ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். தாமாகவே நிறுத்தக் கூடாது. இபுப்ரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடலாம். எனவே முதல் 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

பசி அதிகமாக இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். வளையத்தை எப்போது, எவ்வளவு இறுக்குவது என்று அவர் முடிவு செய்ய உதவும் முக்கியமான தகவலே அதுதான்.