மாயாவியின் மறையாத கை

எங்கள் வாலாஜாபேட்டை வீட்டுப் பரணில் மாமா சேர்த்து வைத்த பழைய முத்து காமிக்ஸ் ஒரு கட்டு இருக்கிறது. செமஸ்டர் லீவில் காஸ்டிங் புத்தகத்தை மூடிவிட்டு அதைப் பிரித்தேன் :-) படிக்கப் படிக்க ஒரு கேள்வி... இந்தக் கதைகளில் நியாயம் யார் கையில் இருக்கிறது?

முதலில் கொஞ்சம் வரலாறு. சிவகாசியிலிருந்து 1972ல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். மூலம், இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் 1962ல் ஆரம்பித்த தொடர். நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். வலது கை போய், எஃகுக் கை பொருத்தியவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆளே மறைந்துவிடுவார். எஃகுக் கை மட்டும் தெரியும்!

யார் கண்ணுக்கும் தெரியமாட்டோம் என்றதும் மனுஷன் என்ன செய்தார்? திருடினார். ஆமாம் நண்பர்களே, நாம் கொண்டாடும் மாயாவி ஆரம்பத்தில் குற்றவாளி. நிழற்படை உளவாளி ஆனதெல்லாம் பிறகு. 1984ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் நமக்குத் தந்த ஸ்பைடரும் இதே கேஸ்தான். 1965ல் இங்கிலாந்தில் குற்றச் சக்கரவர்த்தியாகக் கிளம்பி, பின்னால் குற்றவாளிகளையே வேட்டையாடியவர். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்!

மறைய வைக்கும் மோதிரம் கிடைத்தால் எவன் நல்லவனாக இருப்பான் என்ற கேள்வி பிளேட்டோவின் 'குடியரசு' நூலிலேயே வருகிறது. காமிக்ஸ் சொல்லும் பதில், 'கெட்டவனும் திருந்துவான்' என்பது. எனக்கும் பிடிக்கிறது. ஆனால் காமர்ஸ் படிப்பவனுக்கு ஒரு உறுத்தல். பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டுமே? மாயாவி திருந்திவிட்டார், சரி. பறிகொடுத்தவர்களின் கணக்கு என்ன ஆச்சு?

இந்தக் கேள்வி எங்கள் பக்கத்தில் வெறும் கதை இல்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மாசு செய்தவரே இழப்பீடும் தர வேண்டும், சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும். அதே பாலாறு விஷயத்தில், இழப்பீட்டைக் கொடுக்கச் சொல்லி 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. இடையில் 28 வருஷம்! காமிக்ஸில் கடைசிப் பக்கத்தில் ஒரே குத்தில் முடிந்திருக்கும்.

ஒன்று மட்டும் கதையில் ரொம்பச் சரி. ஆள் மறையலாம், கை மறையாது. ராத்திரியில் திறந்துவிட்ட கழிவு விடிந்ததும் கிணற்றில் தெரிந்துவிடும். ஆனால் திருந்தியதோடு நியாயம் முடிவதில்லை. இழந்தவன் கைக்கு அவனுடையது திரும்பி வந்தால்தான் 'முற்றும்' போடலாம்.

நீங்க என்ன நினைக்கிறீங்க?