கட் ஆஃப்: ஒரு கணக்கின் வரலாறு

பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில், கணிதம் படித்த பிள்ளைகளிடம் தமிழ்நாட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, 'கட் ஆஃப் எவ்வளவு?' என்பது. இந்தச் சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள் உண்டு. கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைச் சேர்த்து 200க்கு மாணவர் பெறும் கூட்டுத்தொகை ஒன்று. ஒரு கல்லூரியில், ஒரு பாடப்பிரிவில், ஓர் இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் கூட்டுத்தொகை மற்றொன்று. பொறியியல் சேர்க்கை வாய்ப்பைக் கணிப்பது என்றால் முதல் எண்ணை இரண்டாவதோடு ஒப்பிடுவதுதான். இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான எண்கள் மாணவரின் கைக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று.

கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794ஆம் ஆண்டில் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நிறுவிய நில அளவைப் பள்ளி. அதில் முதலில் சேர்ந்தவர்கள் 8 சிறுவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்கு நில அளவை தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். எத்தனை பேர், எவரெவர் என்பதை அதிகாரிகளே முடிவு செய்தார்கள். 1859ல் அது பொறியியல் கல்லூரி ஆனது. 1920ல் கிண்டி வளாகத்துக்கு இடம் மாறியது. பல்கலைக்கழகத் தேர்வு மதிப்பெண்கள் நடைமுறைக்கு வந்த பிறகும், சேர்க்கையில் அதிகாரிகளின் விருப்புரிமைக்கு இடம் இருந்தது. 1940ல் மின் பொறியியல் படிக்க விரும்பிய அ. லலிதாவுக்கு, அக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த தந்தை பப்பு சுப்பாராவ் முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேச வேண்டியிருந்தது. பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாதமின் அனுமதியும் பெற வேண்டியிருந்தது. அதன் பிறகே கிண்டியின் கதவு பெண்களுக்குத் திறந்தது. அப்படிப் பேசுவதற்கு ஆள் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் எந்த மதிப்பெண்ணும் துணை வந்திருக்காது.

அன்றைய சேர்க்கை முறையின் உள்ளமைப்பை வெளியே கொண்டுவந்தது ஒரு வழக்கு. ஆந்திரப் பகுதிகளும் சேர்ந்திருந்த சென்னை மாநிலத்தில் அப்போது 4 அரசுப் பொறியியல் கல்லூரிகளும் அவற்றில் 395 இடங்களும் இருந்தன. வெளிமாநிலத்தவருக்கு 21 இடங்கள். அரசு தன் விருப்பப்படி வழங்க 12 இடங்கள். மீதி இடங்கள் நான்கு மாவட்டத் தொகுதிகளுக்குப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு தொகுதியிலும் வகுப்புவாரி ஆணைப்படி 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று கொடுக்கப்பட்டன. கிண்டிக்கு விண்ணப்பித்த சி. ஆர். சீனிவாசன், மருத்துவ இடம் கோரிய செண்பகம் துரைராஜன் ஆகியோரின் வழக்குகளில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாததாக்கியது. தமிழகத்தில் எழுந்த கடும் எதிர்ப்பின் விளைவாக அதே ஆண்டில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. 15(4) பிரிவு சேர்க்கப்பட்டு, கல்வியில் பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீடு உறுதி பெற்றது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் கோவை, காரைக்குடி, மதுரை, சேலம் என்று கல்லூரிகள் பெருகின. பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்து இடத்தைத் தீர்மானித்த காலம் அது. தேர்வில் எத்தனை வாங்கினோம் என்பது மாணவருக்குத் தெரியும். நேர்முகத்தில் எத்தனை கிடைக்கும் என்பது தெரியாது. ஆகவே வாய்ப்பைக் கணிப்பது என்பது பாதி கணக்கு, பாதி சிபாரிசு தேடி அலைவது. 1970-71ஆம் ஆண்டு மருத்துவச் சேர்க்கை குறித்த பெரியகருப்பன் வழக்கில், நேர்முகத்தில் மதிப்பெண் வழங்கிய விதத்தை உச்ச நீதிமன்றமே குறை கூறியது.

1984ல் எம்.ஜி.ஆர். அரசு தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வின் 100ஐச் சேர்த்து, 300க்குக் கட் ஆஃப் கணக்கிடும் வழக்கம் நிலைபெற்றது. முகம் பார்த்து இடப்படும் மதிப்பெண்ணுக்கு அதில் வேலை இல்லை. அதே காலத்தில்தான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தோன்றின. அவற்றின் கட்டணமும் சேர்க்கையும் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 1993ஆம் ஆண்டின் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு இடங்களை 'ஃப்ரீ சீட்', 'பேமெண்ட் சீட்' என்று பிரித்தது.

1990களின் பிற்பகுதியில் ஒற்றைச் சாளர முறை வேரூன்றியது. ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசைப் பட்டியல், ஒரே இடத்தில் கலந்தாய்வு. தென்கோடி மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் இரவுப் பேருந்தில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்தன. பிள்ளை கையில் சான்றிதழ் ஃபைல், தகப்பனார் சட்டைப் பையில் டிமாண்ட் டிராஃப்ட். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதி இருக்கிறது என்பது திரையில் எல்லாருக்கும் தெரியும்படி ஓடிக்கொண்டிருந்தது. தனக்கு முன்னே இருப்பவர் எடுத்த இடம் கண்ணெதிரே குறைவதை மாணவர் பார்க்க முடிந்தது. கலந்தாய்வு முடிந்ததும் கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாகக் கடைசி மதிப்பெண்கள் வெளிவந்தன. வாய்ப்பைக் கணிக்கத் தேவையான இரண்டாவது எண் முதன்முறையாகப் பொதுச்சொத்தானது அப்போதுதான்.

நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி நகரங்களில் கிடைத்தது. கிராமத்துப் பிள்ளைக்கு எட்டவில்லை. இந்த ஏற்றத்தாழ்வு வலுவாகப் பேசப்பட்டு, மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2006ல் சட்டம் இயற்றப்பட்டது. 2007ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்து நுழைவுத் தேர்வு நீங்கியது. அன்று முதல் கணக்கு எளிது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பாடத்துக்கு 100 என்ற இன்றைய முறையில், கணிதத்தில் 98, இயற்பியலில் 95, வேதியியலில் 94 வாங்கியவருக்கு 98 + 47.5 + 47 = 192.5. மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்திலேயே போட்டுவிடலாம்.

கணக்கு எளிதானதும் வேறொரு சிக்கல் தோன்றியது. ஒரே கட் ஆஃபில் பலர் நின்றார்கள். அவர்களை வரிசைப்படுத்தக் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண், நான்காவது பாடம், பிறந்த தேதி என்று விதிகள் அடுக்கப்பட்டன; எல்லாமும் சமமானால் சமவாய்ப்பு எண், அதாவது ரேண்டம் நம்பர், தீர்மானிக்கும். 2019 முதல் பிளஸ் டூ தேர்வு 1200க்குப் பதிலாக 600 மதிப்பெண்ணுக்கு மாறியபோது இந்த நெரிசல் கூடியது. பாடத்துக்கு 200 இருந்த காலத்தில் கணிதத்தில் அரை மதிப்பெண், இயற்பியலிலும் வேதியியலிலும் கால் மதிப்பெண் வித்தியாசம் கூட இருவரைப் பிரித்துக் காட்டியது. பாடத்துக்கு 100 ஆனபின் அந்தப் படிகள் ஒன்றாகவும் அரையாகவும் பெருத்துவிட்டன. அரை மதிப்பெண் குறைந்தால் வரிசையில் நூற்றுக்கணக்கானோருக்குப் பின்னால் தள்ளப்படலாம்.

இதனால்தான் அனுபவமுள்ள ஆசிரியர்கள் கட் ஆஃபை விடத் தரவரிசையைப் பார்க்கச் சொல்கிறார்கள். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லாருடைய கட் ஆஃபும் உயரும். ஆனால் அதனால் இடங்கள் கூடிவிடாது. 2021ல் கொரோனாவால் தேர்வு நடக்காமல், பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு எடுத்து மதிப்பெண் கணக்கிடப்பட்டது. முந்தைய ஆண்டின் கட் ஆஃபை அந்த ஆண்டுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வழியில்லாமல் போனது, தரவரிசைதான் கைகொடுத்தது.

தரவரிசையிலும் இரண்டு உண்டு: பொதுத் தரவரிசை, வகுப்புவாரித் தரவரிசை. பொதுப்பிரிவின் 31 விழுக்காடு எல்லாச் சமூகத்தவருக்கும் திறந்தது. மீதி 69 விழுக்காட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. ஆகவே இடஒதுக்கீட்டுப் பிரிவு மாணவர் தன் வாய்ப்பை இரண்டு பட்டியல்களிலும் பார்க்க வேண்டும். 2021 முதல் மூன்றாவது பட்டியல் ஒன்றும் வந்தது. நீதிபதி முருகேசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. அவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்றது.

2018ல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறி, 2019ல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பொறுப்புக்குச் சென்றது. இரவுப் பேருந்துப் பயணம் தேவையில்லாமல் போய், விருப்பப் பட்டியல் தயாரிப்பது மாணவரின் முக்கிய வேலை ஆனது. கடந்த சில ஆண்டுகளில் அந்தக் கல்லூரியின் அந்தப் பிரிவு எந்தத் தரவரிசையில் முடிந்தது, இந்த ஆண்டு இடங்கள் கூடினவா, எந்தப் பாடத்தின் பக்கம் காற்று வீசுகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தே பட்டியல் போடுகிறார்கள். கிண்டியில் கணினி அறிவியல் பொதுப்பிரிவில் மிக உயர்ந்த கட் ஆஃபிலேயே முடிவது வழக்கம். அதே வளாகத்தில் வேறு பிரிவுகள் கீழே இறங்கி வரும். எட்டாது என்று தோன்றும் இடங்களை மேலேயும், உறுதியாகக் கிடைக்கும் இடங்களைக் கீழேயும் வைத்து நீண்ட பட்டியல் தருவதே பாதுகாப்பு. மேலே எழுதிய விருப்பம் கிடைக்காவிட்டாலும் கீழே உள்ளவற்றில் மாணவரின் உரிமை குறைவதில்லை. மூன்று பாட மதிப்பெண்ணும் தரவரிசைக் கடிதமும் கையில் இருந்தால், சிபாரிசு தேடிப் போகாமல் எந்த ஊர்ப் பிள்ளையும் இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளலாம்.