பாட்டியின் வெந்நீர் பாய்லரும் ஊட்டிக் கணப்பும்

போன மார்கழியில் அம்பத்தூர் வீட்டுப் பரணைக் காலி செய்தோம். வந்த காயலான் கடைக்காரர் முதலில் கை வைத்தது பாட்டியின் செம்பு பாய்லர் மேல்தான். "செம்புக்கு இப்ப நல்ல ரேட்டு சார்" என்றார். கொஞ்சம் பொறுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காரணம், அதே வாரம் வந்த ஒரு போட்டோ.

அமெரிக்காவில் இருக்கும் காலேஜ் நண்பன் தன் வீட்டுக் கணப்புக்கு ஒரு சாமான் வாங்கியிருந்தான். பக்கவாட்டில் பார்த்தால் 'ட' எழுத்தின் மேலே இன்னொரு கோடு போட்ட மாதிரி வளைத்த ஐந்தாறு இரும்புக் குழாய்கள். அதன் மேல் கட்டைகளை அடுக்கி எரிக்க வேண்டும். அறையின் குளிர்ந்த காற்று குழாயின் கீழ் வாயில் நுழைந்து, நெருப்பின் அடியிலும் முதுகிலும் சுற்றி, மேல் வாய் வழியாகச் சூடாக அறைக்கே திரும்பும். புகை தன் பாட்டுக்குப் புகைபோக்கியில் ஏறிப் போகும். இரண்டும் கலக்காது.

பாட்டியின் பாய்லரும் இதேதான், உள்ளும் வெளியும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. நண்பனுடையதில் குழாய்க்குள் காற்று, வெளியே நெருப்பு. பாட்டியுடையதில் நடுக்குழாய்க்குள் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். குழாயின் அடியில் ஒரு இரும்புச் சல்லடை. மேலிருந்து கரியோ கொட்டாங்குச்சியோ போட்டால் சல்லடையில் நின்று எரியும், சாம்பல் கீழே விழும், காற்று கீழிருந்து ஏறும். தண்ணீர் ஊற்றாமல் பற்றவைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் பாட்டி போட்ட சட்டம். தண்ணீர் இல்லாவிட்டால் பற்றுவைத்த இடம் உருகிவிடும்.

இது எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 2.7 மெகாஜூல் வெப்பம் போதும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமாராக 15 மெகாஜூல் இருக்கிறது. அதாவது எல்லாச் சூடும் தண்ணீருக்கே போனால் 180 கிராம் விறகு, ஒரு கைப்பிடிச் சுள்ளி, போதும்! ஆனால் மூன்று கல் அடுப்பில் பாத்திரத்துக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம்தான். அப்படியானால் 1.2 முதல் 1.8 கிலோ வரை எரித்தாக வேண்டும். மீதிச் சூடு புகையோடும் காற்றோடும் போய்விடுகிறது. திறந்த கணப்பின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

தீயைப் பெரிதாக்கினால் இது சரியாகாது. சூடான புகை வெளியே போகும் முன் எவ்வளவு பரப்பை உரசிக்கொண்டு போகிறது என்பதுதான் விஷயம். டேப் எடுத்து அளந்தேன். பாய்லரின் நடுக்குழாய் 10 செ.மீ. விட்டம், 45 செ.மீ. உயரம். பரப்பு சுமார் 1,400 சதுர செ.மீ. அடுப்பில் வைக்கும் 30 செ.மீ. தவலையின் அடிப்பாகம் சுமார் 700. சரியாக இரண்டு மடங்கு. போதாததற்கு, நெருப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் தண்ணீர்.

இந்த யோசனைக்கு ஒரு சொந்தக்காரர் கிடையாது. பிரான்சில் நிக்கோலா கோஜே 1713-ல் வெளியிட்ட புத்தகத்தில், கணப்பின் பின்சுவரில் காற்று ஓடும் வழிகள் வைத்துக் காட்டினார். பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களில் செய்த இரும்புக் கணப்பிலும் ஒரு காற்றுப் பெட்டி இருந்தது. நண்பன் வாங்கியதன் கொள்ளுத்தாத்தா அதுதான். 1796-ல் கவுண்ட் ரம்ஃபோர்ட் வேறு வழியில் போனார். குழாய் எதுவும் வைக்காமல், கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கினார். சுவர்கள் சூட்டை அறைக்குத் திருப்பி அனுப்பின. ரஷ்யர்களின் சமோவார், நம்ம டீக்கடை பாய்லர் எல்லாம் நடுக்குழாய்க் குடும்பம்.

ரயில் எஞ்சினும் இந்தக் குடும்பம்தான். ஆரம்ப கால எஞ்சின்களின் கொதிகலனில் ஒரே ஒரு பெரிய குழாய், பாட்டி பாய்லர் மாதிரி. 1829-ல் ஸ்டீவன்சனின் 'ராக்கெட்' எஞ்சினில் அதற்குப் பதிலாக 25 சிறிய செம்புக் குழாய்களை வைத்தார்கள். பரப்பு கூடியது, நீராவியும் கூடியது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் (வாலாஜா ரோடு) ரயில் ஓட ஆரம்பித்தபோது, இந்த மாதிரிக் குழாய்கள் வைத்த எஞ்சின்தான் எங்கள் அம்பத்தூர், ஆவடி வழியாகப் போனது. நிலக்கரி எட்டாத மதராஸ் ரயில்வேயில் வெகுகாலம் விறகுதான் எரிபொருள். அதே 1856-ல் மதராஸ் மாகாணத்தின் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெகார்ன் நியமிக்கப்பட்டார். ரயில் தின்னும் மரம் அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. கடலோரமாக சவுக்குத் தோப்புகள் பெருகியதற்குப் பின்னால் மதராஸின் விறகுப் பசி இருக்கிறது.

மலையிலும் இதே கதை. 1820களிலிருந்து ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களில் அறைக்கு அறை கணப்பு. சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாகப் போனதால் விறகு போதவில்லை, சோலைக்காடுகள் வெட்டுப்பட்டன. விறகுக்காகவே யூகலிப்டஸும் சீகை மரங்களும் நட்டார்கள். இன்று நாம் 'ஊட்டி வாசனை' என்று நினைக்கும் தைல மரத்தின் பின்னால் சூட்டைப் பிடித்து வைக்கத் தெரியாத அந்தக் கணப்புகள் இருக்கின்றன.

கீழே நம் ஊரில் குளிர்காய வேண்டிய அவசியம் குறைவு. (சங்க காலத்தில் இருந்திருக்கிறது. நெடுநல்வாடையில் 'தடவு' என்ற கணப்புச் சட்டி வருகிறது.) நமக்கு நெருப்பு என்றால் சமையல். அதில் மிச்சச் சூட்டைப் பிடிக்கக் கண்டுபிடித்தது கொடி அடுப்பு. முதல் அடுப்பின் தீ பக்கத்துக் குழிக்கும் போகும். இங்கே சோறு கொதிக்க, அங்கே ரசமோ வெந்நீரோ. தனியாக விறகு வேண்டாம்.

இவ்வளவையும் அம்மாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டவள், "சூட்டை மட்டும் கணக்குப் போடுறே. புகையை யாரு கணக்குல எழுதுவே? பாய்லர்ல கொட்டாங்குச்சி போட்டு ஊதுனது நானும் உங்க பாட்டியும்டா" என்றாள்.

அப்போதுதான் நான் விட்டது புரிந்தது. சூட்டையும் புகையையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. புகை மேலே ஏறுவதே அது சூடாக இருப்பதால்தான். அதன் சூட்டை அதிகமாக உறிஞ்சிவிட்டால் இழுப்பு குறையும், கரி படியும், புகை அறைக்கே திரும்பும். புகைபோக்கியை நன்றாக இழுக்கவிட்டால் சூடும் சேர்ந்து போய்விடும். நண்பனுடைய சாமானில் இந்தச் சண்டை கொஞ்சம் சமாதானமாகியிருப்பது, காற்றுக்கும் புகைக்கும் தனித்தனி வழி இருப்பதால். பாட்டி பாய்லரில் புகை வருவதோ ஊதுபவரின் முகத்துக்கு நேராக!

இந்தப் புகையைக் கணக்கில் எழுதியவர்களும் இருந்தார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் இடமான வார்தா மகன்வாடியில், 1947-ல் 'மகன் சூலா' என்ற புகைபோக்கி அடுப்பு உருவானது. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு, லட்சக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை என்று ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். 1953-ல் அதை வெளியிட்டது நம்ம மதராஸின் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். ஒரே தீயில் வரிசையாகப் பாத்திரங்கள், கடைசியில் புகைபோக்கி. பார்த்தால் நம் கொடி அடுப்புக்குப் புகைபோக்கி வைத்த மாதிரி இருக்கும்.

1980களில் மத்திய அரசு இதைத் தேசியத் திட்டமாக எடுத்து மூன்று கோடிக்கும் மேல் அடுப்புகளைப் போட்டது. 2002-ல் திட்டம் நின்றது. பல வீடுகளில் புகைபோக்கி அடைத்துக்கொண்டது, மண் விரிசல் விட்டது, வாய் பெரிய பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை. சாஃப்ட்வேர்க்காரனாக எனக்கு இது பழகிய கதை. டெஸ்டில் ஓடியது, பயன்படுத்துபவர் கையில் ஓடவில்லை. கடைசியில் புகையைத் தீர்த்தது கேஸ் சிலிண்டர்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. கரி நெருப்பில் புகை குறைவு, ஆனால் கார்பன் மோனாக்சைடு நிறைய. அதற்கு வாசனை கிடையாது. ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் குளிருக்காகக் கரிச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கவே கூடாது.

பாய்லரை ஒரு ஞாயிறு காலையில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்தோம். இந்த முறை ஊதியது நான். கண் எரிந்தது, இருமல் வந்தது. அம்மா காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தாள். வெந்நீர் நன்றாகவே கொதித்தது.

காயலான் கடைக்காரர் நேற்று மறுபடி வந்தார். அம்மாவைக் கேளுங்க என்று சொல்லிவிட்டேன்.