மெல்லிய அலகு

மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில், மூலே பூசெல்ஹாம் என்ற ஊரை ஒட்டி மெர்ஜா ஸெர்கா என்றொரு காயல் இருக்கிறது. ஓதம் ஏறினால் நீர் நிறையும், இறங்கினால் வெறும் சேறு. 1995 பிப்ரவரியில் அந்தச் சேற்றில் நின்ற ஒரு பறவையைப் படம் பிடித்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடையாளம் காணப்பட்ட கடைசி மெல்லலகு கர்லூ அதுதான்.

கர்லூவை, குளிர்காலத்தில் கோடியக்கரை போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வளைந்த நீண்ட அலகைச் சேற்றுக்குள் விட்டு நண்டும் புழுவும் எடுக்கிற பழுப்புப் பறவை. மெல்லலகு கர்லூ அதற்குச் சின்ன உறவு. உடல் சிறிது, அலகு நுனிக்குப் போகப்போக மெலியும், வால் வெளுப்பு, விலாவில் கரும்புள்ளிகள். புத்தகத்தில் படிக்கும்போது ரொம்பச் சுலபம். ஆனால் இளம் பறவைக்குப் புள்ளி கிடையாது, கோடுதான். பெரிய கர்லூவின் இளசுக்கும் அலகு குட்டைதான். கானல் ஆடுகிற வெயிலில், தூரத்திலிருந்து எதை வைத்துப் பிரிப்பது?

1998-ல் இங்கிலாந்தின் ட்ரூரிட்ஜ் விரிகுடாவில் ஒன்றைக் கண்டதாகச் சொன்னார்கள். பதிவு ஏற்கப்பட்டது. பல வருடங்கள் கழித்து மறுபடி ஆராய்ந்து, அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கூடு விஷயமும் இப்படித்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைபீரியாவின் தாரா நகரத்துப் பக்கம் உஷாகோவ் என்பவர் கண்ட கூடுகள் தவிர நமக்கு உறுதியாக வேறு தெரியாது. அதை நம்பி 1990களில் அங்கேயே தேடினார்கள். அருங்காட்சியக இறகுகளின் ஐசோடோப்புகளைப் பின்னால் சோதித்தபோது, அவை இன்னும் தெற்கே, வடக்கு கஜகஸ்தானின் புல்வெளிப் பக்கம் கை காட்டின.

மென்பொருள் சோதனையில் இரண்டு விதத் தவறு உண்டு. இல்லாததை இருக்கு என்பது ஒன்று, இருப்பதை இல்லை என்பது இன்னொன்று. இந்தப் பறவைக்கு இரண்டுமே நடந்திருக்கலாம். 'சும்மா கர்லூதான்' என்று எத்தனை பேர் கடந்து போனார்களோ! வேட்டையும் சதுப்புநிலங்களை வடித்ததும் அதற்குள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

இந்த ஒரு பறவையைக் காக்கவே 1994-ல் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருடம் கடைசிப் படம். 2025-ல் அற்றுப்போனதாக அறிவிப்பு.

அடுத்த முறை கோடியக்கரையில் ஒரு கர்லூவைப் பார்த்தால், பெயர் தெரிந்துவிட்டதென்று உடனே கண்ணை எடுக்காதீர்கள். இன்னும் ஒரு நிமிஷம் பாருங்கள்.